சார்ஜ் விளக்கு அணைகிறது, பேட்டரி இறங்குகிறது: பழைய மினி டிராக்டர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து மன்னார்குடிப் பக்கம் வரும் பாமணியாற்றுப் பாசனத்தில் ஓடும் வண்டி இது. மூன்று சிலிண்டர் டீசல், 18 குதிரைத்திறன், வயது 20ஐ ஒட்டி. தென்னந்தோப்பில் வரிசைக்கு நடுவே ரோட்டவேட்டர், வாழைக்கு இடை உழவு, நாற்றங்காலுக்குத் தொழி, பெரிய டிராக்டர் திரும்ப முடியாத சின்னக் குண்டு வயல்களில் கேஜ் வீல் (சேற்றில் ஓடும் இரும்புப் பட்டைச் சக்கரம்) போட்டுச் சேற்றுழவு. பருவத்தில் இரவு பகல் ஓடும். பருவம் முடிந்தால் வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்கும். பேட்டரியைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது பாதிதான் கடினமானது.

புகார் இதுதான். தினமும் ஓடினால் செல்ஃப் எடுக்கிறது, கொஞ்சம் சோம்பலாக. பத்து நாள் நின்றால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு சரி. டிரைவர் சொன்னது: "ஓட்டும்போது ஒண்ணும் தெரியலிங்க, சார்ஜ் வெளக்கும் அணைஞ்சிடுது. நிறுத்திட்டு மறுவாரம் வந்து பாத்தா செத்துக் கெடக்கு." வைகாசி கடைசி, மேட்டூர் திறப்பதற்கு வழக்கமான ஜூன் 12 நெருங்கும் நேரம். வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும் நாளில் வண்டி எடுக்காவிட்டால் அந்த முறை போய்விடும், நாற்று வயசு கூடும். அதனால்தான் இதற்குமுன் அவசர அவசரமாகப் பாகங்கள் மாற்றப்பட்டிருந்தன. பேட்டரி 14 மாதத்தில் ஒன்று போய், இரண்டாவது வந்திருந்தது. மெக்கானிக்குகள் கட்டவுட் என்று சொல்லும் ரெகுலேட்டரும் ஒருமுறை மாறியிருந்தது. புகார் மட்டும் மாறவில்லை.

டீசல் வண்டியில் இந்தக் கோளாறு நீண்ட நாள் ஒளிந்திருக்க ஒரு காரணம் உண்டு. இத்தகைய பழைய எஞ்சினில் டீசல் பம்ப் முழுக்க இயந்திரத்தால் ஓடுவது. ஒருமுறை எடுத்துவிட்டால் பேட்டரி தேவையே இல்லை. பெட்ரோல் வண்டியாக இருந்தால் வழியிலேயே நின்று காட்டிக்கொடுக்கும். இது மறுநாள் காலையில்தான் காட்டும். அப்போது பழி பேட்டரி மேல் விழும்.

எந்த வகை டைனமோ என்று முதலில் பாருங்கள்

ஊர்ப்பக்கம் எல்லாவற்றுக்கும் டைனமோ என்றே பெயர். சோதிக்கும் முறை ஒவ்வொன்றுக்கும் வேறு. மிகப் பழைய டிராக்டர்களில் கார்பன் பிரஷ் வைத்த டி.சி. டைனமோ, தனியாக ரிலே சுருள் வைத்த கட்டவுட் இருக்கும். பெரிய டிராக்டர்களில் இப்போது வருவது ரோட்டாருக்குப் பிரஷ் வழியாக மின்சாரம் கொடுக்கும் ஆல்டர்னேட்டர், ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும். மினி டிராக்டர்களில் பெரும்பாலும் மூன்றாவது வகை: நிரந்தர காந்தம் சுற்றும், சுருள் நிலையாக இருக்கும், பிரஷ்ஷே கிடையாது. அதிலிருந்து ஒரே நிறத்தில் இரண்டு வயர் வெளியே வரும். அது ஏ.சி. அதை டி.சி.யாக மாற்றி அளவு கட்டுவது தனிப் பெட்டியாக இருக்கும் ரெகுலேட்டர்.

இந்த வண்டி மூன்றாம் வகை. டைனமோ 15 ஆம்ப்ஸ். ரெகுலேட்டரில் இரண்டு நீல வயர் டைனமோவிலிருந்து வருவது. சிவப்பு பேட்டரிக்குப் போவது. மஞ்சள் சாவியிலிருந்து வர வேண்டியது. பச்சை, சார்ஜ் ஏறாவிட்டால் எரிய வேண்டிய சார்ஜ் விளக்குக்கு. எர்த் தனி வயராக இல்லை, அலுமினியப் பெட்டியின் உடம்பே எர்த். அதாவது அந்தப் பெட்டியைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்தான் மொத்தச் சார்ஜும் திரும்பி வரும் பாதை. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் வயரின் வேலை முக்கியம். பேட்டரியில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று ரெகுலேட்டர் பார்ப்பது அந்த வயர் வழியாகத்தான். மஞ்சளுக்கும் தன் உடம்புக்கும் நடுவே 14 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே வந்துவிட்டால், பேட்டரி நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு சார்ஜைக் குறைத்துவிடும்.

பேட்டரி: உள்ளே இருப்பதை அளந்தது

ஒரு ராத்திரி முழுக்க நின்ற பேட்டரியில் மீட்டர் காட்டியது 12.06 வோல்ட். மூடி திறக்கும் பேட்டரி என்பதால், ஆசிட்டின் அடர்த்தியை, அதாவது கிராவிட்டியை, அளக்கும் ஹைட்ரோமீட்டர் போட முடிந்தது. ஆறு அறைகளிலும் கிராவிட்டி 1.170, 1.175, 1.165, 1.170, 1.165, 1.170.

இந்த ஆறு எண்களும் சேர்ந்து ஒரு முடிவைச் சொல்கின்றன. ஓர் அறை செத்திருந்தால் அது மட்டும் மற்றவற்றைவிட 0.050க்கு மேல் இறங்கியிருக்கும். இங்கே ஆறும் ஒரே மட்டத்தில் தாழ்ந்திருக்கின்றன. பேட்டரி கெடவில்லை, அதற்குச் சார்ஜ் போய்ச் சேரவில்லை. பல கடைகளில் வோல்ட் மட்டும் பார்த்து, லோடு டெஸ்டர் (பெரிய மின்சாரம் இழுத்துப் பார்க்கும் கருவி) வைத்து, முள் இறங்கியதும் 'போச்சு' என்று சொல்லிவிடுகிறார்கள். பாதிச் சார்ஜில் இருக்கும் நல்ல பேட்டரியும் லோடு டெஸ்டரில் தோற்கும். முழுச் சார்ஜ் ஏற்றிய பிறகுதான் அந்தச் சோதனைக்கு அர்த்தம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். நிறைந்த பேட்டரி 12.7 வோல்ட் காட்ட வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது 1.270 வாக்கில் கிராவிட்டி நிரப்பிய பேட்டரிக்குச் சரி. வெப்பமான ஊர்களுக்கு 1.240 வாக்கில் நிரப்பப்பட்ட பேட்டரிகள் உண்டு. இந்தப் பேட்டரி அந்த ரகம். கணக்கு எளிது: கிராவிட்டியோடு 0.84 கூட்டினால் ஓர் அறையின் வோல்ட். ஆறால் பெருக்கினால் மொத்தம். 1.240க்கு 2.08, ஆறு அறைக்கு 12.48. ஆக இந்தப் பேட்டரி நிறைந்திருந்தாலும் 12.5தான் காட்டும். 12.7 வரவில்லையே என்று மேலும் மேலும் சார்ஜ் போட்டால் உள்ளே இருக்கும் ஈயத் தட்டுதான் உதிரும். பேட்டரியின் மேலேயோ அட்டையிலோ நிரப்பிய கிராவிட்டி போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் நேரத்தில் அளந்தால் திருத்தமும் வேண்டும். 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 0.007 கூட்ட வேண்டும். கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் இருந்த பேட்டரியை எடுத்து அப்படியே அளந்து குறை சொல்லக் கூடாது.

பேட்டரியை இறக்கி வெளிச் சார்ஜரில் போட்டது. பேட்டரியின் கொள்ளளவு 50 ஏ.எச். (ஆம்ப்ஸ் பெருக்கல் மணி); அதில் ஏறக்குறைய பாதி காலி, அதாவது 25 ஏ.எச்.; விரயத்துக்குக் கால் பங்கு சேர்த்தால் 30க்குச் சற்று மேல். 5 ஆம்ப்ஸில் 6 மணி நேரம், பிறகு 2 ஆம்ப்ஸுக்குக் குறைத்து, மணிக்கு ஒருமுறை எடுத்த கிராவிட்டி அடுத்தடுத்து மூன்று தடவை மாறாமல் நிற்கும்வரை. முடிவில் 1.235 முதல் 1.240 வரை எல்லா அறையும் ஏறியது. 20 ஆம்ப்ஸில் இரண்டு மணி நேரத்தில் 'பூஸ்ட்' போட்டு வாங்கிவந்திருந்தால் மேலோட்டமாக வோல்ட் ஏறி, உள்ளே படிந்த சல்பேட் அப்படியே இருந்திருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு வார்த்தை. டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீரில் உப்பு இருக்கும் இடங்கள் நிறைய; அந்தக் குளோரைடு தட்டை அரிக்கும், பேட்டரி தானாகவே இறங்கவும் செய்யும். வாய்க்கால் தண்ணீரும் ஆகாது. தட்டு வெளியே தெரிந்தால் மட்டும் சார்ஜ் போடுமுன் தட்டு மூழ்கும் அளவுக்கு ஊற்றி, மீதியைச் சார்ஜ் ஏறிய பிறகு மட்டம் பார்த்து நிரப்ப வேண்டும். முன்னாலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழிந்து ஆசிட் வெளியே போகும். அந்த ஆசிட் பேட்டரி உட்காரும் தகரத்தையும் அதை ஒட்டிய எர்த் போல்ட்டையும் தின்னும்.

ஓடவிட்டு அளந்தது

நிறைந்த பேட்டரியை வைத்தால் சார்ஜிங் கோளாறு மறைந்துகொள்ளும். அதனால் ஹெட்லைட்டைக் கால் மணி நேரம் எரியவிட்டுக் கொஞ்சம் இறக்கிய பிறகே எஞ்சின் ஸ்டார்ட் செய்யப்பட்டது. நிமிடத்துக்கு 2000 சுற்றில், விளக்குகள் அணைந்த நிலையில், பேட்டரியின் ஈயக் குமிழ்கள் இரண்டிலும் நேராக மீட்டர் வைத்தபோது 13.05 வோல்ட். வயரைக் கவ்வி ஆம்ப்ஸ் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பேட்டரிக்குள் போவது 1.8 ஆம்ப்ஸ். இந்த நிலையில் 14க்கு மேல் இருக்க வேண்டும், ஆம்ப்ஸும் பத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

டைனமோவைச் சந்தேகிப்பது இந்த இடத்தில் இயல்பு. நீல வயர் இரண்டையும் ரெகுலேட்டரிலிருந்து கழற்றி, மீட்டரை ஏ.சி.யில் வைத்தால், ஸ்லோவில் 900 சுற்றுக்கு 11 வோல்ட், 2000 சுற்றுக்கு 24 வோல்ட். சுற்றுக்கு ஏற்ப நேராக ஏறுகிறது. எஞ்சினை நிறுத்தி நீல வயர்களுக்கு நடுவே ஓம் பார்த்தால் 0.6, நீலத்துக்கும் உடம்புக்கும் தொடர்பே இல்லை. சுருள் நன்றாக இருக்கிறது, காந்தமும் வலுவோடு இருக்கிறது. ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் 10 மில்லி இறங்கியது, அதுவும் சரி. சேற்றுழவில் வைக்கோல் துணுக்கும் சேறும் புல்லி பள்ளத்தில் இறுகி, பெல்ட் வழுக்குவது இந்தப் பக்கத்தில் அடிக்கடி நடக்கும். பெல்ட்டின் ஓரம் கண்ணாடி மாதிரி மின்னினால் இறுக்கிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

ஸ்லோவில் 11 வோல்ட் ஏ.சி. என்பதைக் கவனியுங்கள். டயோடுகளின் இழப்புப் போனால் பேட்டரிக்குள் தள்ள அதில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. 'கொஞ்ச நேரம் ஸ்லோவுல ஓடட்டும், சார்ஜ் ஏறட்டும்' என்று டீ குடிக்கப் போவதில் டீசல்தான் தீரும். காந்த டைனமோவுக்குக் குறைந்தது 1500 சுற்றாவது வேண்டும்.

இதன் பிறகு மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரின் சிவப்பிலும், மறுமுனையை அந்த ரெகுலேட்டரின் உடம்பிலேயே ஓர் இடம் சுரண்டி அங்கேயும் வைத்துப் பார்த்தது. 14.45 வோல்ட்.

ரெகுலேட்டரின் வாசலில் 14.45, பேட்டரியின் வாசலில் 13.05. நடுவே 1.4 வோல்ட் தொலைகிறது. முதன்முறை இந்த அளவீட்டை எடுத்திருந்தால் ஒரு பேட்டரியும் ஒரு ரெகுலேட்டரும் மிச்சமாகியிருக்கும். மீட்டரைப் பேட்டரியில் மட்டும் வைத்துப் பார்ப்பவர் கோளாறு இருப்பதை அறிவார், இடத்தை அறிய மாட்டார்.

1.4 வோல்ட் எங்கே போனது

வோல்ட் இழப்பைத் தேடுவதற்கு எஞ்சின் ஓட வேண்டும், மின்சாரம் பாய வேண்டும். பாயாத வயரில் எத்தனை துரு இருந்தாலும் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். ஓம் மீட்டரும் இங்கே ஏமாற்றும். 0.2 ஓம் தடையை அது சொந்த வயரின் தடையோடு கலந்து காட்டிவிடும். 5 ஆம்ப்ஸ் போகும் பாதையில் அந்த 0.2 ஓம் ஒரு முழு வோல்ட்டை விழுங்கும்.

பாசிட்டிவ் பக்கம் முதலில். ரெகுலேட்டர் சிவப்பிலிருந்து பேட்டரியின் பாசிட்டிவ் குமிழ்வரை 0.35 வோல்ட். 0.2 வரை பொறுக்கலாம். நடுவே இருந்த கண்ணாடிக் குழாய் ஃப்யூஸின் பிடியில் பச்சைக் களிம்பு. அதன் இரு முனைக்கும் நடுவே மட்டும் 0.29.

பிறகு எர்த் பக்கம். பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலிருந்து ரெகுலேட்டர் உடம்புவரை 1.05 வோல்ட். இங்கே ஒன்றோ இரண்டோ நூறில் ஒரு பங்கு வோல்ட்தான் இருக்க வேண்டும், அதிகபட்சம் 0.1. அதைத் துண்டு துண்டாகப் பிரித்தது: குமிழிலிருந்து கேபிளின் முனை வளையமான லக்வரை 0.03, லக்கிலிருந்து கியர் பாக்ஸ் உடம்புவரை 0.12, கியர் பாக்ஸிலிருந்து டேஷ்போர்டு தகரம்வரை 0.08, தகரத்திலிருந்து ரெகுலேட்டர் உடம்புவரை 0.82.

ரெகுலேட்டரைக் கழற்றியதும் விளங்கிவிட்டது. முந்தைய ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பெயின்ட் அடித்திருந்தார்கள். டேஷ்போர்டு தகரத்தைக் கழற்றி, இரு பக்கமும் ஸ்ப்ரே அடித்து, காய்ந்ததும் அதன்மேலேயே ரெகுலேட்டரை வைத்துப் போல்ட் போட்டிருந்தார்கள். போல்ட்டின் மரைப் பல் எங்கேயோ கீறிய மெல்லிய இடத்தில் மட்டும் இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தன. பிறகு மாற்றிய புது ரெகுலேட்டரும் அதே பெயின்ட் மேல்தான் உட்கார்ந்தது.

சார்ஜ் விளக்கு ஏன் அணைந்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. மின்சாரம் பேட்டரி நெகட்டிவிலிருந்து எர்த் வழியாக ரெகுலேட்டருக்குத் திரும்பும்போது 1.05 வோல்ட் வழியிலேயே விழுவதால், ரெகுலேட்டரின் உடம்பு பேட்டரி நெகட்டிவைவிட அந்த அளவு தாழ்ந்து நிற்கிறது. பேட்டரியில் உண்மையில் இருப்பது 13.05. ரெகுலேட்டர் தன் உடம்பிலிருந்து பார்க்கும்போது அதுவே 14.10 ஆகத் தெரிகிறது. நிறைந்துவிட்டது என்று சார்ஜைக் குறைக்கிறது, விளக்கையும் அணைக்கிறது. ரெகுலேட்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, தனக்குத் தெரிந்ததை வைத்து அது சரியாகத்தான் வேலை செய்தது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. மஞ்சள் வயரின் பாதையில் தடை இருந்தால் ரெகுலேட்டருக்கு வோல்ட் குறைவாகத் தெரியும், அது மேலும் மேலும் ஏற்றும். பேட்டரி 15 வோல்ட்டுக்கு மேல் போய்க் கொதிக்கும், வாரம் ஒருமுறை தண்ணீர் குடிக்கும். எர்த்தில் தடை என்றால் பட்டினி, மஞ்சளில் தடை என்றால் அஜீரணம். இரண்டுக்கும் முதல் சந்தேகம் ரெகுலேட்டர் மேல் விழுந்தாலும், பார்க்க வேண்டிய இடம் வேறு.

நின்றபோது இறங்கியது

சார்ஜ் குறைவாக ஏறுவது மட்டும் பத்து நாளில் செத்துப்போவதை விளக்காது. சாவியை அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, குமிழுக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்ப்ஸ் துளையில் செருகிப் பார்த்தபோது 0.11 ஆம்ப்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. (மீட்டர் அப்படி இருக்கும்போது சாவியைத் தொடக் கூடாது. செல்ஃபோ, எஞ்சின் எடுக்குமுன் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கோ இழுத்தால் மீட்டரின் ஃப்யூஸ் போகும், ஃப்யூஸ் இல்லாத மலிவு மீட்டரென்றால் மீட்டரே போகும்.)

0.11 என்பது பார்க்கச் சின்ன எண். ஒரு நாளைக்கு 2.6 ஏ.எச்., பத்து நாளில் 26. ஏற்கெனவே பாதிச் சார்ஜில் நிற்கும் 50 ஏ.எச். பேட்டரியில் அதுதான் மொத்தக் கையிருப்பு. டிரைவர் சொன்ன பத்து நாள் கணக்கு எண்ணிப் பார்த்தாற்போல வந்து நிற்கிறது.

ஒவ்வொரு வயராகக் கழற்றியதில், பேட்டரியிலிருந்து நேராக எடுத்திருந்த பாட்டு செட்டைப் பிரித்ததும் 0.05 ஆக இறங்கியது. ரெகுலேட்டரின் மஞ்சளைப் பிடுங்கியதும் பூஜ்யம். சாவிக்குப் போக வேண்டிய மஞ்சள் வயரை, ரெகுலேட்டர் மாற்றியபோது நேராகப் பேட்டரி பாசிட்டிவில் கட்டிவிட்டிருந்தார்கள். ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதும் அளந்ததில் தெரிந்தது: பழைய சாவி சுவிட்சின் உள்ளே 0.6 வோல்ட் விழுகிறது. சாவியில் கொடுத்தால் ஓவர் சார்ஜ் ஆகும் என்று பார்த்து, நேராகக் கொடுத்திருக்கிறார்கள். எண்ணம் சரி, வழிதான் தவறு.

எலி கடித்த வயரும் இந்த வண்டியில் இரண்டு இடத்தில் கிடைத்தது, ஆனால் அவை இன்னும் ஒன்றையொன்று தொடவில்லை. நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டியில் சீட்டுக்கு அடியில், பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால் விரல் விட்டுத் தடவிப் பார்க்காமல் வயரிங் சோதனை முடிந்தது என்று சொல்ல முடியாது. இன்சுலேஷன் போன இடத்தில் ஈரச் சேறு படிந்தால் அதுவே ஒரு பாதை. காய்ந்ததும் கோளாறு மறையும், மழையில் திரும்ப வரும்.

செய்த வேலை

எல்லாவற்றுக்கும் முன் நெகட்டிவ் கழற்றியாயிற்று. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். ஸ்பேனர் தவறி உடம்பில் பட்டாலும் தீப்பொறி வராது. சார்ஜ் ஏறிய பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் இருக்கும், பீடி சிகரெட் தள்ளியே இருக்கட்டும்.

ரெகுலேட்டர் உட்காரும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குப் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு வெளுப்பாகத் தெரியும்வரை கொண்டுவந்தது. அலுமினியப் பெட்டியின் காதுகளையும் அப்படியே. புது 6 மில்லி போல்ட் இரண்டு, பல் வைத்த ஸ்டார் வாஷர் இரு பக்கமும். இறுக்கிய பிறகுதான் மேலே கிரீஸ் தடவியது. தகரத்தை நம்பி விட்டுவிடவும் இல்லை. ரெகுலேட்டர் போல்ட் ஒன்றிலிருந்து கியர் பாக்ஸில் உள்ள பேட்டரி எர்த் போல்ட்டுக்கு 4 சதுர மில்லி கறுப்பு வயர் ஒன்று தனியாகப் போனது. இரு முனையிலும் வளைய லக், கிரிம்ப் அழுத்தி, மேலே ஹீட் ஸ்லீவ். அடுத்த ஆயுத பூஜைக்கு மறுபடி பெயின்ட் அடித்தாலும் இந்த வயர் காப்பாற்றும். இந்த மொத்த வேலையில் மிகவும் மலிவானதும் மிகவும் உதவியதும் இந்த ஒன்றரை மீட்டர் வயர்தான்.

கியர் பாக்ஸ் எர்த் போல்ட் கழற்றி, லக்கின் இரு முகமும் போல்ட் உட்காரும் இடமும் தேய்க்கப்பட்டன. பேட்டரிக் குமிழில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை, ஆப்பசோடா ஒரு கைப்பிடி கரைத்த வெந்நீர் ஊற்றிக் கழுவியது. அறை மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஆசிட் கெடும். துடைத்துக் காயவைத்து, கிளாம்ப் மாட்டி இறுக்கிய பின் மேலே வாசலின்.

கண்ணாடி ஃப்யூஸ் பிடியை எடுத்துவிட்டு மூடி வைத்த பிளேடு ஃப்யூஸ் பிடி, 20 ஆம்ப்ஸ் ஃப்யூஸ். சிவப்பு வயரில் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு ஒன்று இருந்தது, அதையும் வெட்டி எறிந்து ஒரே நீளமாகப் புது 4 சதுர மில்லி வயர். சேற்றுழவு வண்டியில் டேப் ஒட்டு ஒரு பருவம் தாங்காது.

மஞ்சளுக்கு நான்கு கால் ரிலே ஒன்று. 30ஆம் காலுக்குப் பேட்டரி பாசிட்டிவ், 3 ஆம்ப்ஸ் ஃப்யூஸ் வழியாக. 87இலிருந்து மஞ்சள். 86க்குச் சாவி, 85க்கு எர்த். சாவி போட்டால் ரெகுலேட்டர் பேட்டரியின் உண்மை வோல்ட்டைப் பார்க்கிறது, சாவி எடுத்தால் முழுக்கத் துண்டிக்கப்படுகிறது. சாவி சுவிட்சில் விழும் 0.6 வோல்ட் இனி ரிலே சுருளைத்தான் பாதிக்கும், அதற்கு அது பொருட்டில்லை. பாட்டு செட்டும் சாவிக்குப் பின்னால் மாற்றப்பட்டது.

இத்தகைய வண்டியில் எஞ்சினை நிறுத்துவது கையால் இழுக்கும் குமிழ். குமிழை இழுத்து எஞ்சின் நின்றதும் சாவியைத் திருப்ப மறந்து இறங்கிப் போவது சாதாரணம். பகல் வெயிலில் டேஷ்போர்டு விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரியாது. ரிலே போட்ட பிறகு இந்த மறதிக்கு விலை கொஞ்சம் கூடுதல், சுருளும் இழுக்கும். டிரைவரிடம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

விளக்குகளின் கணக்கு

வேலை முடிந்து, அதே 2000 சுற்றில் பேட்டரியில் 14.1 வோல்ட். தொடக்கத்தில் உள்ளே போனது 11 ஆம்ப்ஸ், முக்கால் மணி நேரத்தில் 4க்கு இறங்கியது. எர்த் பக்க இழப்பு மொத்தம் 0.04. வேலை முடிந்ததாக இங்கே மூட்டை கட்டியிருந்தால் இரவு உழவு நாளில் மறுபடி புகார் வந்திருக்கும்.

ராத்திரி ஓட்டுவதற்காகப் பின்னால் இரண்டு 55 வாட் ஹாலஜன் கட்டியிருந்தார்கள். ஹெட்லைட் இரண்டு 35 வாட். டெயில், மீட்டர் விளக்கு எல்லாம் சேர்த்து 15 ஆம்ப்ஸ். இந்த டைனமோ உழவுச் சுற்றில் கொடுப்பது 11. எல்லாவற்றையும் போட்டதும் வோல்ட் 12.5க்கு வந்து நின்றது. மணிக்கு 4 ஏ.எச். பேட்டரியிலிருந்து போகிறது. ஆறு மணி நேர இரவு உழவில் பாதி பேட்டரி காலி. இதை எந்த ரெகுலேட்டரும் சரி செய்யாது. பின் விளக்கு இரண்டையும் 20 வாட் எல்.இ.டி.யாக மாற்றியதும் மொத்தம் 10க்குக் கீழே வந்தது, எல்லாம் எரியும்போதும் 13.6 வோல்ட் நின்றது. வெளிச்சமும் குறையவில்லை. பழைய மினி டிராக்டருக்குப் பெரிய பேட்டரி வாங்கி வைப்பதால் இந்தக் கணக்கு மாறாது, வரவு அதே 11தான்.

செல்ஃப் எடுப்பதற்கு ஆகும் செலவு இதோடு ஒப்பிட்டால் அற்பம். 150 ஆம்ப்ஸ் 5 விநாடி இழுத்தால் 0.2 ஏ.எச்.; உழவுச் சுற்றில் இரண்டு மூன்று நிமிடத்தில் திரும்பிவிடும். ஹீட்டர் பிளக்கைக் கோடையிலும் பழக்கத்துக்காக அரை நிமிடம் பிடிப்பது வேண்டாத செலவு. மார்கழிப் பனியில் 10 விநாடி போதும்.

செய்யக் கூடாத மூன்று

எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி 'டைனமோ வேலை செய்யுதா' என்று பார்ப்பது இன்றும் நடக்கிறது. பழைய டி.சி. டைனமோ காலத்துப் பழக்கம். காந்த டைனமோவில் பேட்டரி இல்லாத நொடியில் வோல்ட் எகிறி, ரெகுலேட்டரையும் எல்.இ.டி.யையும் சேர்த்துக் கொல்லும்.

கேஜ் வீலின் பட்டை விட்டுப்போனால் வண்டியில் வைத்தே வெல்டிங் அடிக்கிறார்கள். வெல்டிங் எர்த்தை எங்கேயோ முன்பக்கம் மாட்டினால் அந்த மின்சாரம் கியர் பாக்ஸ், எஞ்சின், ரெகுலேட்டர் எல்லாவற்றின் எர்த் வழியாகவும் வழி தேடும். பேட்டரியின் இரண்டு டெர்மினலும் ரெகுலேட்டர் சாக்கெட்டும் கழன்றிருக்க வேண்டும், வெல்டிங் எர்த் அந்தச் சக்கரத்திலேயே இருக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றிக் கீழே போட்டு அடிப்பது இன்னும் நல்லது.

பக்கத்து வண்டியிலிருந்து பேட்டரி வயர் கொடுக்கும்போது சிவப்பு கறுப்பு மாறினால் ஒரு நொடி போதும், டயோடு போய்விடும். இருட்டில், அவசரத்தில் நடப்பது இது. குமிழ்களில் பருமனானது பாசிட்டிவ் என்று கைக்கே தெரியும்; தடவிப் பார்த்துவிட்டு மாட்டலாம்.

பிறகு

குறுவை முழுக்க வண்டி ஓடியது. அறுவடைக்கு முன் 21 நாள் தொடர்ந்து நின்ற பிறகு, யாரும் சார்ஜ் போடாமல் அளந்ததில் 12.42 வோல்ட், கிராவிட்டி ஆறு அறையிலும் 1.230. முதல் முறையிலேயே செல்ஃப் எடுத்தது. எடுக்கும்போது பேட்டரியில் 10.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை, 9.6க்குக் கீழே போனால்தான் கவலை. தை அறுவடைக்குப் பிறகு நீண்ட நிறுத்தத்துக்கு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை வெளிச் சார்ஜரில் 2 ஆம்ப்ஸில் ஓர் இரவு போடுமாறு டிரைவரிடம் சொல்லியிருக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் இந்த இடைவெளியை 20 நாளாகக் குறைக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரி தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும்.